கயிற்றில் இறங்கிய மனு

அரபி மொழிபெயர்க்கும் பெண், வழக்கம்போல மாடி ஜன்னலிலிருந்து பையைக் கயிற்றில் இறக்கினாள். வக்கீல் குமாஸ்தா காகிதங்களை எடுத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தார்.

"மேடம், மனுவில 'ரெஸ்ட்ரிக்ட்'னு ஒரு இங்கிலீஷ் வார்த்தை வருதே, அதுக்கு அரபியில என்ன போட்டீங்க?"

"'கய்யத'. கட்டுப்படுத்துறதுன்னு அர்த்தம். கைக்கு விலங்கு மாட்டுறதுக்கும் அதே வார்த்தைதான். மனு போட்ட பொண்ணை அவ புருஷன் வெளியவே விடலையே, அதுக்கு இதுதான் பொருந்தும்."

"அவளுக்கு அரபி தவிர எதுவும் தெரியாது. நாளைக்கு நீங்க கோர்ட்டுக்கு வந்து அவ பேச்சை எடுத்துச் சொன்னாத்தான் கேஸ் நிக்கும்."

"என்னால வர முடியாதுங்க."

"ஒரு பொண்ணோட வாழ்க்கைங்க! நாலு படி இறங்கச் சோம்பலா?"

அவள் காலிப் பையை மேலே இழுத்துக்கொண்டாள்.

'மகாராணிக்குக் கால் தரையில படக் கூடாது போல' என்று முணுமுணுத்தபடி குமாஸ்தா தடதடவென்று மாடியேறினார். கதவைத் தட்ட ஓங்கிய கை அப்படியே நின்றது.

கதவின் வெளிப்பக்கம் பெரிய பூட்டு தொங்கியது. அதைப் பிடித்து இழுத்தார்.

"ஐயோ, தொடாதீங்க!" உள்ளேயிருந்து அவள் குரல் வந்தது. "பூட்டு கொஞ்சம் திரும்பியிருந்தாலும் அவர் கண்டுபிடிச்சிடுவார். அப்புறம் அந்த ஜன்னலையும் அடைச்சிடுவார்."