கெசியாவுக்கு வயது இருபத்திரண்டு

“மறுபடியும் தொலைச்சுட்டியா?”

எழுத்தர் கேட்டோ மூர் இறகுப் பேனாவைக் கீழே வைத்தான்.

“தொலைக்கலை தம்பி. ஆடு தின்னுடுச்சு,” என்றாள் கெசியா.

“ஆபீஸ்ல தம்பி கிம்பியெல்லாம் கிடையாது. ஐயான்னு சொல்லு. போன தடவை கடல்ல விழுந்துடுச்சுன்னே?”

“அது போன தடவைங்க ஐயா.”

வரிசையில் நின்ற சனம் சிரித்தது. அத்தனை பேரும் அடிமைத்தளை அறுத்துக்கொண்டு வட அமெரிக்காவின் நோவா ஸ்கோஷியாவில் வந்து குடியேறிய கறுப்பர்கள். அவர்களுக்கு விடுதலைச் சீட்டுதான் உயிர். அது கையில் இல்லையென்றால் எந்த வெள்ளைக்காரனும் அடிமை என்று பிடித்துக் கப்பலேற்றி விற்றுவிடலாம். அதைப் போய் ஆட்டுக்குக் கொடுத்திருக்கிறாளே!

“அங்க அடையாளம் சொல்லு. வயசு?”

“இருபத்திரண்டு.”

ஐம்பதைத் தாண்டிய கெசியாவைக் கேட்டோ ஏற இறங்கப் பார்த்தான்.

“போன வருஷம் முப்பதுன்னே. உனக்கு மட்டும் வயசு இறங்கிக்கிட்டே வருதோ?”

“இந்த ஊர்த் தண்ணி ஒத்துக்கிச்சுங்க.”

“உடம்பு?”

“ஒல்லி. கொடி மாதிரி.”

“எந்தக் கொடிடி? பூசணிக் கொடியா, காயோட சேர்த்து?” பின்னாலிருந்து ஒருத்தி கத்தினாள்.

“நீ சும்மா இரு. உசரம்னு போடுங்க ஐயா. கழுத்தும் நீளம்.”

“மாஜிஸ்திரேட் ஆளைப் பார்க்காமக் கையெழுத்துப் போடுவார்ங்கிற தைரியம். வெட்கமா இல்லே உனக்கு?”

முணுமுணுத்துக்கொண்டே கேட்டோ எழுதினான்.

கையெழுத்தான புதுச் சீட்டோடு வீட்டுக்குத் திரும்பும்போது கெசியா வாய்க்குள்ளேயே சிரித்துக்கொண்டாள். “கேட்டோவும் நம்மளை மாதிரி கறுப்பன்தான், ஆனா வெள்ளைக்காரனுக்கு வால் பிடிச்சே நிமிர்ந்தவன். பெரிய துரைன்னு நினைப்பு! ஒரு கிழவி காதுல பூ சுத்தினது தெரியலை.”

கதவைத் தாழிட்டுவிட்டுத் தரைப்பலகையைத் தூக்கினாள். உருளைக்கிழங்குக் குழியிலிருந்து எழுந்து வந்தாள் ஃபீபி. நெட்டையாய், ஒல்லியாய், நீண்ட கழுத்தோடு. எஜமான் வீட்டிலிருந்து தப்பி வந்து மூன்று நாள் ஆகிறது.

“இந்தா சீட்டு, இனிமே நீதான் கெசியா. மத்தியானப் படகுல கிளம்பிடு.”

ஃபீபிக்கு ஒளிந்து கற்ற படிப்பு கொஞ்சம் உண்டு. எழுத்துக்கூட்டிப் படித்தவள் நடுவில் நின்றாள்.

“அம்மா, என் காதைப் பத்தி ஏன் சொன்னீங்க?”

“காதா? நான் சொல்லலையே!”

“‘இடது காது மடல் அறுந்திருக்கும்’னு போட்டிருக்கே.”

ஃபீபி தலைத்துணியை அவிழ்த்தாள். மடல் பாதி இல்லை. மூன்று நாளாய்ச் சோறு போட்ட கெசியாவே அதைப் பார்த்ததில்லை.

“இது மட்டும் எழுதலேன்னா, துணியை அவிழ்க்கச் சொல்ற முதல் ஆள்கிட்டயே மாட்டியிருப்பேம்மா. அவருக்கு எப்படித் தெரியும்?”

கெசியா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“ஓடிப்போன அடிமைகளைத் தேடி ஊரெல்லாம் ஒட்டறாங்களே நோட்டீஸ், அதை எழுதறவனே அவன்தாண்டி!”