வாலில் இரண்டு கம்பிகள்

கைப்பிடியை அவள் தன் வயிற்றுப் பக்கமாக இழுத்தாள்.

"சரி மேடம்," என்று வெளியே இருந்து குரல் வந்தது.

என்ன சரி?

"தகடு மேல போச்சா, கீழ போச்சா, அதச் சொல்லுங்கண்ணே."

"எல்லாம் சரியா இருக்கு மேடம்."

இந்த மனிதரை வைத்துக்கொண்டு என்னதான் செய்வது.

அவள் உட்கார்ந்திருந்தது விமானப் பயிற்சிப் பள்ளியின் இரண்டு இருக்கை விமானத்தில். வாலின் பின்விளிம்பில் கதவு மாதிரி கீல் வைத்து ஒரு தகடு இருக்கிறது. கைப்பிடியை இழுத்தால் அது மேலே எழ வேண்டும். எழுந்தால் காற்று வாலை அமுக்கும், மூக்கு நிமிரும், விமானம் ஏறும்.

அந்தத் தகட்டை அசைக்கும் இரண்டு கம்பிகளையும், வெளியே நிற்கும் மெக்கானிக் தனிஸ்லாஸ்தான் நேற்று புதிதாக மாற்றியிருந்தார். இடம் மாற்றிப் பூட்டியிருந்தால் தகடு எதிர்ப்பக்கம் போகும்; அப்போதும் இரண்டும் வழுவழுவென்றுதான் ஓடும். கைக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. ஓடுபாதையின் முடிவில், ஏறுவதற்காக இழுக்கும்போதுதான் தெரியும்.

தெரிந்து என்ன பிரயோஜனம்? மூக்கு தரையில் குத்திய பிறகு யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

கம்பி மாற்றியபின் முதலில் ஓட்டிப் பார்க்க வேண்டியவள் அவள். இருக்கையிலிருந்து எவ்வளவு கழுத்தைத் திருப்பினாலும் வால் தெரியாது. அதனால்தான் ஒருவர் இழுக்க, இன்னொருவர் பார்க்க வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள்.

பார்க்க வேண்டும். அதைத்தான் அவர் செய்வதாக இல்லை.

"இருபத்திரண்டு வருஷமா பண்றேன் மேடம். என் கை தப்பாது. வெயில்ல நிக்க வைக்காதீங்க."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கைப்பிடியை விட்டாள். இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டாள்.

"இப்ப?"

"மேல போச்சு மேடம்."

அவள் இறங்கினாள்.

தனிஸ்லாஸ் இறக்கையின் நிழலில் கைபேசியைப் பார்த்தபடி நின்றிருந்தார். வாலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

திட்டுவதற்கு வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டாள். திட்டினால் அதற்கும் சரி என்பார்.

"நீங்க ஏறி உக்காருங்க. நான் பாக்குறேன்."

முணுமுணுத்துக்கொண்டே ஏறினார். அவள் வாலருகே போய் நின்றாள். வெயில் மண்டையைப் பிளந்தது.

"இழுங்க."

இழுத்தார்.

தகடு கீழே இறங்கியது.

"விட்டுட்டு மறுபடி இழுங்க."

மறுபடியும் கீழே.

 வாலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இன்னும் பத்து நிமிடத்தில் கிளம்பியிருப்பாள். காலையில் பள்ளிக்கூட வேனில் ஏற்றிவிட்ட பிள்ளையின் முகம் வந்தது. பிறகு பயம் போய், கோபம் மட்டும் நின்றது.

"என்ன மேடம், சரிதானே?"

அவள் குரலைச் சரிசெய்துகொண்டாள்.

"சரிண்ணே. எல்லாம் சரியா இருக்கு. அப்படியே பெல்ட்டப் போட்டுக்கங்க, ரெண்டு பேருமா ஒரு சுத்து போய்ட்டு வந்துரலாம்."

அவர் கதவுக்கு வெளியே தலையை நீட்டினார்.

"மேலயா, கீழயா மேடம்?" என்று கேட்டார் தனிஸ்லாஸ்.