மூன்றாவது பெஞ்சு

"யாருங்க நீங்க? கைய விடுங்க முதல்ல!"

மகள் உதறிய வேகத்தில் பெரியவரின் மூக்குக்கண்ணாடி நழுவியது. பிளாட்பாரத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மூன்றாவது பெஞ்சில் பையை மடியில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவன்கூடத் தலையைத் தூக்கினான்.

பெரியவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அவளைப் பார்த்தார். அவர் பார்த்து வைத்த பேங்க் வேலை வேண்டாம் என்று சண்டை போட்டு வீட்டை விட்டுப் போனவள், இரண்டு வருடம் கழித்து இப்படியா கண்ணில் பட வேண்டும்? துப்புரவுக்காரர்களின் நீலச் சட்டை, கையில் துடைப்பம். அந்தப் பட்டப்படிப்பெல்லாம் என்ன ஆயிற்று?

"நான்தான் கண்ணு, அப்பா. அம்மாவுக்கு நாளைக்கு ஆபரேஷன். உன்னப் பாக்கணும்னு ஒரே அழுகை. ஒரு எட்டு வந்துட்டுப் போயிடும்மா."

"ஆள் தெரியாமப் பேசறீங்க பெரியவரே. நகருங்க, பெருக்கணும்."

பெரியவர் போய்த் தூணோரம் உட்கார்ந்தார். நாலு அறை விட்டிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. மத்தியப் புலனாய்வுத் துறையில் முப்பது வருடம் குப்பை கொட்டியவர் அவர். அவளுக்கு ஏழு வயதிருக்கும்போது இதே மாதிரி ஒரு ஸ்டேஷனில், கடத்தல்காரன் ஒருவனுக்காக ஷூ பாலிஷ் பெட்டியோடு காத்திருந்தார். ரயிலிலிருந்து அம்மாவோடு இறங்கிய குழந்தை, "அப்பா!" என்று ஓடி வந்து கழுத்தைக் கட்டிக்கொண்டது.

"யார் பாப்பா நீ? உங்கம்மா எங்க?" என்று கையைப் பிரித்துத் தள்ளிவிட்டார்.

கடத்தல்காரன் மாட்டினான். அவருக்கு ஒரு கேடயம் கிடைத்தது, கூடவே தீராத முதுகுவலியும். குழந்தை ஒரு மாதம் அவர் பக்கமே வரவில்லை. இன்றைக்கு வட்டியும் முதலுமாகத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

அவள் பெருக்கிய இடத்தையே மறுபடி மறுபடி பெருக்கிக்கொண்டிருந்தாள். பாவம், இந்த வேலைகூடச் சரியாகப் பழகவில்லை போலிருக்கிறது. ஊரில் இருக்கிற எவன் எவனையோ உற்று உற்றுப் பார்த்த கண்ணுக்குப் பெற்ற பெண்ணைத் தெளிவாகப் பார்க்க முடியவில்லை. கண்ணீர் மறைத்தது.

ரயில் வரும் சத்தம் கேட்டது. இனி இவளிடம் கெஞ்சிப் பயனில்லை. மனைவியிடம் என்ன பொய் சொல்வது என்று யோசித்தபடி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தார்.

துடைப்பம் அவர் செருப்பை உரசியது. குனிந்த தலை நிமிரவில்லை. உதடு அசைந்ததுகூடத் தெரியவில்லை. குரல் மட்டும் வந்தது.

"அழாதீங்கப்பா. காலையில ஆஸ்பத்திரிக்கு வந்துடறேன். இப்ப நகருங்க, நான் டூட்டியில இருக்கேன்... மூணாவது பெஞ்சுக்காரன் பாக்கறான்."