குறைந்தபட்சக் கொசு

மாநகராட்சியின் கொசுக் கணக்காளர் இசக்கிமுத்து கட்டிலடி, குடத்தின் பின்புறம் என்று எல்லா இடத்திலும் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு வீட்டுக்காரி மரிய புஷ்பத்திடம் உதட்டைப் பிதுக்கினார்.

"ஆளுக்கு ஆறு. மூணு பேருக்குப் பதினெட்டு கொசு இருக்கணும். உங்க வீட்டுல ஒண்ணுகூட இல்லையேக்கா."

அவர் பையிலிருந்து கண்ணாடிப் புட்டியை எடுத்தார். உள்ளே பதினெட்டும் தயாராக இருந்தன.

புஷ்பம் மகள் படுத்திருந்த கட்டிலை மறித்து நின்றாள். "சார், புள்ள டெங்கு வந்து பொழச்சு நேத்துதான் ஆஸ்பத்திரியில இருந்து வந்திருக்கா. யாரு போட்ட சட்டம் இது?"

"பெரிய பெரிய ஆளுங்க உக்காந்து பேசிப் போட்டது. கொசுவத்திச் சங்கம், கொசுவலைச் சங்கம், ரத்த டெஸ்ட் எடுக்கவங்க சங்கம்..."

"வீட்டுக்காரங்களுக்கு யாரு பேசுனா?"

"உங்களுக்கு ஏதுக்கா சங்கம்? அந்தக் கமிட்டியில கொசுவுக்குத்தான் ரெண்டு இடம் இருக்கு. அதுல ஒண்ணு காலி." அவருக்கும் மனசு கேட்கவில்லை போலும், ஒரு விண்ணப்பத்தை நீட்டினார். "வேணும்னா கொசு தரப்புல உள்ள போயிப் பேசிப் பாருங்க."

"அதுக்கு என்ன தகுதி வேணும்?"

"பெரியவங்க காதுகிட்ட ஓயாம சத்தம் போடணும். விரட்டுனாலும் திரும்பி வரணும். அவ்வளவுதான்."

புஷ்பம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அவருடைய இடது காதருகே போனாள்.

தெருமுனை வரைக்கும் இசக்கிமுத்து காதைத் தட்டிக்கொண்டே ஓடினார். புட்டி மூடியபடியே இருந்தது.