ஆவி படிந்த கண்ணாடி

வெளியே நிஜ மழை கொட்டுகிறது. வகுப்புக்குள் பஞ்சு மேகமும் நூலில் கோத்த காகிதத் துளிகளும் தொங்குகின்றன. பள்ளி விளம்பரத்துக்குப் படம் வேண்டுமாம். மழைக்காலக் கதை சொல்லிக்கொண்டிருக்கும் டீச்சரின் முகத்துக்கு விளக்கைத் திருப்புகிறார் புகைப்படக்காரர். பாயில் உட்கார்ந்திருக்கும் குழந்தைகள் ஆளுக்கொரு மணல் தட்டில் மழைக்கு ‘ம’ வரைகிறார்கள். ‘வாயாடி’ மட்டும் அங்கே இல்லை. சேர்ந்த நாளிலிருந்து வாயே திறக்காத, மணலைத் தொடவே தொடாத குழந்தைக்கு டீச்சர் ஆசையாக வைத்த பெயர் அது. அவள் ஜன்னலோரம் நிற்கிறாள். ஆவி படிந்த கண்ணாடியில் அவளுடைய சுட்டுவிரல் இறங்குகிறது, திரும்புகிறது, ஏறிச் சுழிக்கிறது. கோணல்தான், ஆனாலும் ‘ம’. டீச்சர் கதையைப் பாதியில் நிறுத்துகிறாள்.

“என்ன டீச்சர், கண்ணாடி இவ்வளவு அசிங்கமா கெடக்கு? படத்துல விழுமில்ல?” படமெடுப்பதைப் பார்க்க வந்த தாளாளர் கைக்குட்டையை எடுத்து ஒரே இழுப்பில் துடைக்கிறார்.

“ஐயோ சார், அந்தப் பிள்ளை மொத மொதலா எழுதினது அது!”

“எழுதத்தான் மணல் வாங்கிப் போட்டிருக்கே. நீங்க சிரிங்கம்மா!”

டீச்சர் புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து போய், கண்ணாடியில் வாய் திறந்து மூச்சு விடுகிறாள். வட்டமாக ஆவி படிகிறது.

“எழுதுடா கண்ணு.”

வாயாடி தாளாளரின் கையைப் பார்க்கிறாள். கைக்குட்டை இன்னும் அங்கேதான் இருக்கிறது. விரல்களை இறுக மூடிக்கொள்கிறாள். ஆவி ஓரத்திலிருந்து கரைந்து வருகிறது.