கம்பி ஆறுகிறது

மாவு மில்லின் இரைச்சல் சுவரைத் தாண்டி அறைக்குள் வருகிறது. தெர்மோகோல் வெட்ட மின்சாரத்தில் சூடேற்றிய கம்பி காற்றில் ஆறிவிடும் என்பதால் மின்விசிறியை அணைத்திருக்கிறார்கள். மெல்லிய இறக்கைதான் வேகம் தரும் என்று தேவதர்ஷினி அடம்பிடித்துச் செய்த மாதிரி விமானம், காலையில் வெள்ளிமலைச் சரிவில் எறிந்ததுமே மூக்குக் குத்தி நொறுங்கிவிட்டது. நாளை கல்லூரியில் போட்டி. மெதுவாகப் பறந்தாலும் தாங்கும்படி, அடி தட்டையாகவும் முதுகு புடைத்தும் இருக்கும் இறக்கையை, மிச்சமிருக்கும் ஒரே தெர்மோகோல் கட்டையில் அவளும் வகுப்புத் தோழன் சுபாஷும் வெட்டுகிறார்கள். கம்பிக்கு ஆளுக்கொரு முனை. “நிக்காத சுபாஷு, நின்ன எடத்துல உருகிப் பள்ளம் உழுந்துடும்.” “இழுத்துக்கினுதான் இருக்கேன்.” அவன் மூக்கு நுனியில் வியர்வை தொங்குகிறது. கருகல் நெடியில் கண் எரிகிறது. கம்பி முதுகின் மேட்டைத் தாண்டி இறங்கத் தொடங்கும்போது மாவு மில் ஓய்கிறது. கம்பி இறுகி நின்றுவிடுகிறது. “கரண்ட் பூட்ச்சு,” என்கிறான் சுபாஷ். “வந்துடும், உட்டுடாத,” என்கிறாள். தெர்மோகோலுக்குள் ஆறிப்போன கம்பியை இருவரும் இன்னும் இழுத்துப் பிடித்தபடியே நிற்கிறார்கள்.