நாற்பத்தொரு பெரியவர்கள்

"புலி!" என்று கத்திவிட்டேன்.

முன்னால் போய்க்கொண்டிருந்த யோண்ட்ரி அண்ணன் சட்டென்று திரும்பி உதட்டில் விரலை வைத்தார்.

"மெதுவா, டிகிரி! காட்டுக்குள்ள நின்னுக்கிட்டு அந்தப் பேரச் சொல்லுவாங்களா?"

வனக்காவல் வேலையில் சேர்ந்து மூன்றாவது நாள். முதல் ரோந்து. என் பெயர் நிங்ரும் என்று பலமுறை சொல்லியாகிவிட்டது. ஜகார்த்தாவில் சுற்றுச்சூழல் படித்துவிட்டு வந்தவள் என்பதால் அவருக்கும் கூட வந்த காவலர் பஸ்ருலுக்கும் நான் டிகிரிதான்.

ஓடையோரத்து ஈர மணலில் அந்தத் தடம் இருந்தது. மண்டிபோட்டு நாடாவை வைத்தேன். அகலம் பன்னிரண்டு சென்டிமீட்டர். நகம் பதியவில்லை. விளிம்பு மணல்கூட இன்னும் சரியவில்லை. விடிந்த பிறகுதான் நடந்து போயிருக்கிறது.

நாடாவை இன்னொரு முறை வைத்து அளந்தேன். பயமா சந்தோஷமா என்று கேட்டால், இரண்டும்தான்.

ஏனென்றால் காகிதத்தில் இந்தப் பள்ளத்தாக்கில் புலியே கிடையாது. புலி இல்லாத இடத்துக்குக் காவல் எதற்கு என்று இந்த மாதக் கடைசியோடு முகாமை மூடுகிறார்கள். இங்கே இருக்கும் ஐந்து பேரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். பிறகு பள்ளத்தாக்கின் நடுவே சாலை வரும். மூடும்வரை அங்கே பயிற்சி எடுத்துக்கொள் என்று என்னை அனுப்பியிருந்தார்கள். அதன்பின் எனக்கு மட்டும் வேறு முகாம்.

பஸ்ருல் பாறைமேல் உட்கார்ந்து இலைப் பொட்டலத்தைப் பிரித்தான். சோறும் நெத்திலிச் சம்பலும். என் பங்கை எடுத்து நீட்டினான்.

"எவனோ படிச்ச புண்ணியவான் எழுதிக் குடுத்தானாம், இங்க ஒண்ணுமே இல்லன்னு. இந்தா, தடம் கெடக்கு. வந்து பாக்கச் சொல்லு."

"அவன் மட்டும் என் கையில கெடைக்கட்டும்," என்றார் யோண்ட்ரி அண்ணன். "அடிக்கல்லாம் மாட்டேன். இதே மணல்ல உக்கார வெச்சிட்டு நாம பாட்டுக்குக் கெளம்பிடுவோம். நாளைக்கு வந்து, என்னப்பா, ஏதாச்சும் தெரிஞ்சுதான்னு கேப்போம்."

இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். மீதிச் சோற்றை இலையோடு மடித்து வைத்தேன்.

சாப்பிட்டு முடித்ததும் யோண்ட்ரி அண்ணன் ரோந்துப் புத்தகத்தை எடுத்தார். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினார். எழுதி முடித்துச் சாட்சிக் கையெழுத்துக்காக என்னிடம் நீட்டினார்.

'பார்த்த விலங்குகள்' என்ற கட்டத்தில்: காட்டுப்பன்றி இரண்டு, மான் ஒன்று.

புலித்தடத்தைக் காணோம்.

அதற்கு அடுத்த கட்டம், 'பார்த்த ஆட்கள்'. அதில் இப்படி எழுதியிருந்தார்: 'பெரியவர் ஒருவர். தனியாக. ஓடையைத் தாண்டி மேற்கே போனார்.'

காலையிலிருந்து நாங்கள் ஒரு மனித முகத்தையும் பார்க்கவில்லை.

"யாருண்ணா இந்தப் பெரியவர்?"

அவர் தாடையால் மணலைக் காட்டினார்.

"எழுதறதும் சொல்றதும் ஒண்ணுதானேம்மா? காட்டுக்குள்ள அவருக்கு அந்தப் பேருதான். எங்க அப்பா காலத்துலேருந்து அப்படித்தான். அதுவும் போக, அவரக் கொண்டுபோயி பன்னியோட ஒரே கட்டத்துலயா எழுதுறது? நல்லாவா இருக்கும்?"

"எப்படி எழுதி என்ன," என்றான் பஸ்ருல் கையைக் கழுவிக்கொண்டே. "ஏழு வருஷமா எழுதி எழுதி அனுப்புறோம். ஒருத்தனாச்சும் படிச்சிருக்கானா?"

ஒருத்தி படித்திருக்கிறாள்.

ஜகார்த்தாவில், ஏசி அறையில் உட்கார்ந்து, இந்த முகாமின் ஏழு வருஷப் புத்தகங்களையும் ஒரு பக்கம் விடாமல் படித்தாள். விலங்குகள் கட்டத்தில் புலி எத்தனை என்று எண்ணினாள். பூஜ்யம். ஆட்கள் கட்டத்தையும் விட்டுவைக்கவில்லை. தனியாக நடமாடும் பெரியவர்கள், நாற்பத்தொரு பேர்.

மினாங் மக்கள் வாழும் இந்தப் பக்கம் நான் அதுவரை வந்ததில்லை. பெரியவர் என்றால் பெரியவர்தானே என்று நினைத்தேன்.

அந்த வருஷத்தின் சிறந்த ஆய்வேடு என்று மேடையில் கூப்பிட்டுக் கைகுலுக்கினார்கள். இந்த வேலையும் அதனால்தான் கிடைத்தது. கடைசிப் பக்கம் எனக்கு மனப்பாடம்: 'புலிகள் இல்லாத இப்பகுதிக்குக் காவல் முகாம் தேவையில்லை. முதியோர் காட்டுக்குள் தனியாகச் செல்வதைத் தவிர்க்க, கிராமத்தில் விழிப்புணர்வுக் கூட்டம் நடத்தலாம்.'

மாதம் முடிய இன்னும் ஒன்பது நாள் இருந்தது. நான் வாயைத் திறக்காவிட்டால் இவர்களுக்குத் தெரியப்போவதில்லை. திறந்தால், பயிற்சிக் காலத்தில் இருப்பவளை வீட்டுக்கு அனுப்ப ஒரு கடிதம் போதும்.

"என்ன டிகிரி, பேனா எழுதலையா?"

எழுதியது. ஆய்வேட்டின் அட்டையில் போட்டிருக்கும் அதே முழுப்பெயரைப் போட்டுக் கையெழுத்திட்டேன். பேனாவை மூடிக் கொடுத்தேன்.

"அண்ணா," என்றேன். "மணல்ல எங்க உக்காரணும்?"